புல்லட்டின் வயிற்றுக்குள்ளே

தில்லியில் நம்மவர் வீடுகள் பலவற்றில், மாடிப்படிக்குக் கீழேயோ பின்பக்கச் சந்திலோ, தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய புல்லட் நிற்கிறது. அரசு வேலைக்காக ஊரைவிட்டு வந்த அப்பா, சேமநிதியில் கடன் போட்டு வாங்கியதாக இருக்கும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அல்லது காலமாகிவிட்டார். வண்டி மட்டும் நிற்கிறது. கபாடிக்காரர் அவ்வப்போது வந்து எடைக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு அதைக் கொடுக்க மனமில்லை. மகனுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் நெடுநாள் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் என்பதால், இந்தக் கேள்வியோடு என்னிடம் வருபவர்கள் உண்டு. வைத்துக்கொள்வதா, விற்பதா என்று நான் சொல்வதில்லை. அது அவரவர் வீட்டு விஷயம். ஆனால் முடிவெடுக்கும் முன் அந்த வண்டி என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நம் பிள்ளைகள் இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், ரிப்பேர் பேச்சை இந்தியில் கேட்கிறார்கள். தமிழில் இதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே இந்தக் கட்டுரையை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். உதிரிபாகங்களுக்குப் பட்டறையில் புழங்கும் பெயர்களையே வைத்திருக்கிறேன். கிளட்சுக்குத் தனித்தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டுக் கரோல்பாக் கடையில் போய்க் கேட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்!

முதலில் வம்சாவளி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊசி தயாரிப்புக்குப் பெயர்போன ரெடிட்ச் என்ற ஆங்கில ஊரில் பிறந்தது ராயல் என்ஃபீல்ட். புல்லட் என்ற பெயர் 1930களிலேயே உண்டு. ஆனால் நாம் பார்க்கும் புல்லட்டின் வடிவம் 1948-49-ல் வந்தது. நம் ராணுவம் 1950களின் முற்பகுதியில் 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. 1955-ல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டாக என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் அங்கேயே செய்தார்கள். ரெடிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் அந்த நிறுவனமே நின்றுபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் புல்லட்டைப் பெற்ற நாட்டுக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஆக, உங்கள் வீட்டு வண்டி 1965-ல் வாங்கியதோ 1995-ல் வாங்கியதோ, உள்ளே இருப்பது பெரும்பாலும் 1950களின் இங்கிலாந்து வரைபடம்தான். 2008-க்குப் பிறகு வந்த புது எஞ்சின்கள் படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இன்று கடையில் விற்கும் புல்லட்டுக்குப் பெயரும் தோற்றமும்தான் பழசு. நான் சொல்லப்போவது பழைய இரும்புச் சிலிண்டர் எஞ்சினைப் பற்றி மட்டும்.

எழுபதும் தொண்ணூறும்

பிள்ளைகள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த எஞ்சினின் சிலிண்டர் துளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பட்டறையில் இதைப் போர் என்பார்கள். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 90 மில்லிமீட்டர். இது ஸ்ட்ரோக். ஆரம் 3.5 சென்டிமீட்டர். அதன் வர்க்கத்தைப் பையால் பெருக்கி, 9 சென்டிமீட்டர் உயரத்தால் பெருக்குங்கள். 346 கன சென்டிமீட்டர் வரும். பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் 350 என்று எழுதியிருப்பது இதைத்தான். நான்கு சிசி கூட்டிச் சொல்லிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

துளையைவிட ஸ்ட்ரோக் நீளம். ஒல்லியாக உயர்ந்த குவளை போல. இதனால்தான் புல்லட் நன்றாக இழுக்கிறது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். இது பாதி உண்மை. நீள ஸ்ட்ரோக் என்றால் கிராங்கின் கை நீளம், ஆகவே திருப்பும் வலு அதிகம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் துளை சிறிதாகும்போது வெடிப்பு அழுத்தும் பிஸ்டன் பரப்பும் சிறிதாகிறதே! ஒன்றில் கூடியது மற்றதில் குறைந்துவிடுகிறது. அதே 346 சிசியை அகலமாகவும் குட்டையாகவும் செய்தாலும் ஒரு வெடிப்பு தரும் வேலை ஏறக்குறைய அதேதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? துளை சிறிதானால் அதன் தலையில் வைக்கும் வால்வுகளும் சிறிதாகவே இருக்க முடியும். சிறிய வாசல் வழியே மெதுவாக நுழையும் கூட்டத்துக்குத் தொல்லை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடிவந்தால் நெரிசல். புல்லட்டும் குறைந்த சுழற்சியில் நன்றாக மூச்சு விடும், அதிகச் சுழற்சியில் திணறும். நிமிடத்துக்கு 5,625 சுற்றில் அதன் முழுச் சக்தியும் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சக்தி 18 குதிரைத்திறன்தான். இன்றைய 150 சிசி வண்டிகள் சில இவ்வளவு கொடுக்கின்றன. அந்த 5,625 சுற்றில் பிஸ்டன் என்ன பாடுபடுகிறது என்றும் கணக்கிடலாம். ஒரு சுற்றுக்கு ஏற 90, இறங்க 90, ஆக 180 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிலிண்டருக்கு வெளியே எங்கும் போகாமல், 11,250 முறை நின்று திரும்பி ஒரு கிலோமீட்டர்! புல்லட்டை விரட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எண்ணெய் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இனி அந்தச் சத்தம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது ஒன்று, அதை அமுக்குவது இரண்டு, வெடிப்பது மூன்று, புகை வெளியேறுவது நான்கு. கிராங்க் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓடினால் 450 வெடிப்பு. வினாடிக்கு ஏழோ எட்டோ. ஒரே சிலிண்டர் என்பதால் இடைவெளியை நிரப்ப வேறு வெடிப்பு இல்லை. அதனால்தான் ஒவ்வொரு 'டப்'பையும் நம் காது தனித்தனியாகப் பிடிக்கிறது. இங்கே இதைப் பட்பட்டி என்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

நான்கில் ஒரு ஸ்ட்ரோக்தான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் செலவழிக்கின்றன. ஒருவர் சம்பாத்தியத்தில் நால்வர் சாப்பிடும் குடும்பம். சம்பளம் வந்த அன்றே சேமித்து வைத்து மாதக் கடைசி வரை எடுத்துக் கொடுக்கும் அம்மாவைப் போல இங்கே ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஃபிளைவீல். கிராங்கின் இரு பக்கமும் இரண்டு கனத்த இரும்புச் சக்கரங்கள். வெடிப்பின் வேகத்தை வாங்கிவைத்து, அடுத்த வெடிப்பு வரை பிஸ்டனை அவை தள்ளிச் செல்கின்றன. கனம் அதிகமாக இருப்பதால் மூன்றாம் கியரில் நடைவேகத்துக்குச் சற்று மேலே போனாலும் எஞ்சின் நின்றுவிடாது. ஆளை ஏற்றி மேட்டில் போகும்போது நாம் 'இழுவை' என்று உணர்வதில் பெரும்பங்கு இந்தக் கனத்துக்கு உரியது. விலை என்ன? ஆக்ஸிலரேட்டரைத் திருகியவுடன் பாயாது. கனத்த சக்கரம் வேகம் பிடிக்க நேரமாகும். புல்லட்டை மந்தம் என்று சொல்லும் இளைஞர்களும், கம்பீரம் என்று சொல்லும் அவர்கள் அப்பாக்களும் ஒரே ஃபிளைவீலைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அதிர்வையும் சொல்லிவிட வேண்டும். மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்கு ஈடாக ஃபிளைவீலின் எதிர்ப்பக்கத்தில் எடை வைக்கிறார்கள். ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் போகிறது, எடையோ வட்டத்தில் சுற்றுகிறது. பிஸ்டனுக்குச் சரியாக ஈடு வைத்தால் மேல்கீழ் ஆட்டம் நின்று முன்பின் ஆட்டம் வந்துவிடும். எனவே ஒரு பங்குக்கு மட்டும் ஈடு செய்து, மிச்ச ஆட்டத்தை ஓட்டுபவரின் உள்ளங்கைக்கும் நட்டு போல்ட்டுகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 2020-க்குப் பின் வந்த புது எஞ்சினில் இதற்கென்றே எதிர்த்திசையில் சுற்றும் தனித்தண்டு இருக்கிறது, கை மரத்துப்போவதில்லை. பழைய வண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்தது பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். தளர்ந்த நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு விரல் சோதனை

வண்டியின் வலப்பக்கம் வாருங்கள். சிலிண்டரின் அடியில் ஒரு சிறிய மூடி தெரியும். நடுவில் ஒரு நட்டு இருக்கும். கழற்றினால் உள்ளே இரண்டு மெல்லிய தண்டுகள் செங்குத்தாக நிற்கும். இவை புஷ்ராடு. அடியில் சுற்றும் கேம் இவற்றை மேலே தள்ள, இவை தலையிலுள்ள ராக்கர் கையின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கிறது. நம் ஊர் ஏற்றம் மாதிரி. ஒன்று உள்வாங்கும் வால்வுக்கு, மற்றது புகைவால்வுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கேம்.

இந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை வந்த இடம் இதுதான். பல எஞ்சின்களில் டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்ய டாங்கைக் கழற்றி, தலை மூடியைத் திறந்து, மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்துப் பார்க்க வேண்டும். இங்கே சரிசெய்யும் திருகுகள் புஷ்ராடின் அடியிலேயே இருக்கின்றன. ஒரு மூடியைத் திறந்தால் போதும். அளவுத் தகடும் வேண்டாம். எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனை அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்திவிட்டு, புஷ்ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதுதான் சரியான அளவு.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? தண்டு இறுகலாக இருந்தால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. புகைவால்வு செக்கச் சிவந்து பழுக்கும் அளவுக்குச் சூடேறுவது. இருக்கையைத் தொடும் அந்தச் சில கணங்களில்தான் அது தன் சூட்டை இறக்கிவைக்கிறது. உட்கார விடாவிட்டால் ஓரம் கருகி, அமுக்கம் போய், வண்டி கிளம்பாது. தளர்வாக இருந்தால் வால்வுக்கு ஆபத்தில்லை, 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும். எனவே சந்தேகமாக இருந்தால் இறுக்கத்தைவிடத் தளர்வே மேல் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். சத்தமே வரக்கூடாது என்று டாப்பெட்டை இறுக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தச் சோதனை பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஒருமுறை தன் விரலால் அந்தத் தண்டைச் சுழற்றிப் பார்த்தவனுக்கு 'வால்வு' என்பது பாடப்புத்தகப் படமாக இராது.

எண்ணெயின் வழி

புல்லட்டுக்குத் தனி எண்ணெய் டாங்கு வெளியே கிடையாது. ஆனால் இன்றைய வண்டிகளைப் போல கிராங்கின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்பதும் இல்லை. அலுமினிய வார்ப்பிலேயே, கிராங்குக்குப் பின்னால், தடுப்புச்சுவர் வைத்து ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். அதுதான் எண்ணெய் அறை. ஒரு பம்பு அங்கிருந்து எண்ணெயைக் கிராங்குக்கு அனுப்பும். அங்கே வேலை முடிந்து கீழே சொட்டுவதை இன்னொரு பம்பு எடுத்துத் திருப்பும். வழியில் ஒரு பங்கு வெளிக்குழாய் வழியாகத் தலைக்குப் போய் ராக்கர்களை நனைக்கிறது. இரண்டு பம்புகளையும் ஓட்டுவது கிராங்க் முனையிலுள்ள ஒரே ஒரு திருகுபல். திருப்பி எடுக்கும் பம்புக்கு, அனுப்பும் பம்பைவிடக் கொள்ளளவு அதிகம். வருவதைவிட வேகமாக வெளியே எடுத்தால்தான் வீட்டுக்குள் தண்ணீர் நிற்காது!

கனெக்டிங் ராடின் அடிமுனையில், பழைய வண்டிகளில், பால் பேரிங்கோ உருளைப் பேரிங்கோ இல்லை. ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவே எதனோடும் ஒட்டாமல் ஒரு வளையம் மிதக்கிறது. எண்ணெய்ப் படலம் உள்ளும் புறமும் இருக்க, வளையம் தன் போக்கில் இடைப்பட்ட ஒரு வேகத்தில் சுற்றுகிறது. இதனால் உராயும் வேகம் இரண்டாகப் பங்கிடப்படுகிறது. சத்தமில்லாத, மலிவான, அழகான ஏற்பாடு. ஆனால் எண்ணெய் ஒரு நிமிடம் நின்றாலும் அதற்கு மன்னிப்புக் கிடையாது. விரட்டக்கூடாது என்பதற்கு நான் சொன்ன இரண்டாவது காரணம் இது. காலையில் கிளப்பிய உடனே முறுக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

பல ஆண்டுகள் நின்ற வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள். வண்டி நிற்கும்போது அறையிலுள்ள எண்ணெய் பம்பின் இடுக்கு வழியே துளித்துளியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் இல்லாதது போலத் தெரியும். புதிதாக ஊற்றிவிட்டுக் கிக் அடித்தால் தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப்புகை வரும். ஆகவே முதலில் அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி இரண்டு பக்கத்து எண்ணெயையும் முழுதாக வடித்துவிடுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். புது எண்ணெய் ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, சாவி போடாமல் கிக்கரை மெதுவாகப் பலமுறை அமுக்குங்கள். பிறகுதான் கிளப்பும் பேச்சு. கிளம்பிய பின், தலைக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு மூடிகளும் இணைப்புகளும் இருக்கும் இடத்தில் கொஞ்சம் எண்ணெய் வெளியே வரத்தான் செய்யும். எண்ணெய் ஒழுகாத புல்லட்டில் எண்ணெயே இல்லை என்பது பழைய பட்டறை வேடிக்கை.

வலது கால், இடது கால்

கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. எஞ்சினின் முதுகில் நேராக போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். நான்கு கியர். எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு இடப்பக்க மூடிக்குள் இரட்டைச் செயின் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகிறது. கியர்பாக்ஸை நகர்த்த முடியாது என்பதால் செயினுக்குக் கீழே ஒரு வளைந்த தகடு வைத்து, அதை ஏற்றி இறக்கித் தொய்வைச் சரிசெய்கிறார்கள். எஞ்சினைத் தொடாமலே கியர்பாக்ஸைப் பிரிக்கலாம், கியர்பாக்ஸைத் தொடாமலே தலையை இறக்கலாம். இன்றைய வண்டிகளில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. கனம் குறைவு, கசிவு குறைவு. ஆனால் ஒரு பல் உடைந்தால் முழுப்பெட்டியையும் பிளக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய பையன் அவசரத்தில் வலது காலை அமுக்கினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். அதோடு அந்த டிரம் பிரேக்குகள் இன்றைய போக்குவரத்துக்குச் செய்தவையும் அல்ல. காலி மைதானத்தில் பழகாமல் தெருவுக்குக் கொண்டுபோக விடாதீர்கள். வலது குதிகாலுக்கு அருகே இன்னொரு சிறிய நெம்புகோல் இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து இதை ஒரு மிதி மிதித்தால் நேராக நியூட்ரல். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் தில்லியில் இதன் அருமை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கிக் அடிப்பதும் ஒரு பாடம்தான். பலசாலிகள் தோற்று, ஒல்லிக்குச்சி மாமா ஒரே உதையில் கிளப்பிய கதை எல்லா வீட்டிலும் உண்டு. ரகசியம் விளக்குக்கு மேலேயுள்ள சிறிய அம்மீட்டரில் இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் மூடியிருக்கிறது, பேட்டரியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். இன்னும் அமுக்கினால் ஓரிடத்தில் கால் கெட்டியாக முட்டும், முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் அமுக்க ஸ்ட்ரோக்கின் உச்சிக்கு வந்துவிட்டது. இப்போது இடது கைப்பிடியிலுள்ள டீகம்ப்ரஷரைப் பிடியுங்கள். தலையிலுள்ள ஒரு குட்டி வால்வு திறந்து அமுக்கத்தை வெளியே விடும். கிக்கரை இன்னும் சிறிது நகர்த்தி உச்சியைத் தாண்டவிட்டு, டீகம்ப்ரஷரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதை. ஃபிளைவீலுக்கு ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று ஓட இடம் கிடைக்கிறது. அந்த ஓட்டத்தில் அதுவே அடுத்த உச்சியைத் தாண்டிவிடும். பலம் தேவையில்லை, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்ற அறிவுதான் தேவை. உச்சிக்கு முன்னாலிருந்து உதைப்பவரை அது திருப்பி உதைக்கும். கணுக்கால் போய்விடும்.

முள் அசையவே இல்லையா? பேட்டரி செத்திருக்கலாம், அல்லது பாயிண்டில் துரு ஏறியிருக்கலாம். சிலிண்டருக்குப் பின்னாலுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழு இழுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எலக்ட்ரானிக் பெட்டி பழுதானால் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. பாயிண்டோ கண்ணால் பார்த்துத் திருத்தக்கூடியது. ஆனால் எலக்ட்ரானிக் பெட்டிக்கு அடிக்கடி துடைக்கும் வேலையே வராது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்குழாய் எஞ்சினில் வந்து முடிகிறது. நடுவே எஞ்சினும் கியர்பாக்ஸுமே சட்டத்தின் எலும்பாக நிற்கின்றன. பின்சக்கரத்துக்கு ஸ்விங்கிங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பரும் வைத்தது அந்த நாளில் புதுமை. பல வண்டிகளுக்கு அப்போது பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. பின்சக்கரத்தின் ஹப்புக்குள் ரப்பர் கட்டிகள் உண்டு. ஒற்றைச் சிலிண்டரின் ஒவ்வொரு அடியும் செயினில் நேராக விழாதபடி அவை தாங்கிக்கொள்கின்றன. நின்ற வண்டியில் இந்த ரப்பர்கள் கல்லாகியிருக்கும். விலை குறைவுதான், மாற்றிவிடுங்கள்.

இனி காகித விஷயம். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தில்லித் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்பதை 2018-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பின்னும் ஆணைகள் மாறி வந்திருக்கின்றன. உங்கள் வண்டியின் இன்றைய நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த விதியை நான் குறைசொல்ல மாட்டேன். கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின் எரியாத பெட்ரோலையும் எண்ணெய்ப் புகையையும் வெளியே விடத்தான் செய்கிறது. மார்கழியில் இந்த ஊர்க் காற்றைச் சுவாசிப்பதும் நம் பிள்ளைகள்தான். ஆனால் ஓட்டக்கூடாது என்பதும் உடைத்துவிட வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டியதாகவும், பெரிய மாறுதல் செய்யாமல் பழைய உருவிலேயே இருப்பதாகவும் இருந்தால் தனிப்பதிவு பெறலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் எடுக்கலாம்.

எனவே கபாடிக்காரருக்குப் பதில் சொல்லும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். முதல் பதிவுத் தேதியோடு 50-ஐக் கூட்டிப் பாருங்கள். புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சரிபாருங்கள். தேதி இன்னும் சில ஆண்டு தள்ளி இருந்தால், பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் நடுஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து தடவை அமுக்கிவிட்டால் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளாது. அந்த வேலையை வீட்டிலுள்ள பிள்ளையிடம் கொடுங்கள்.